கிளாரன்சு ஸ்பைசர்

கிளாரன்சு வின்பிரட் ஸ்பைசர் (நவம்பர் 30, 1875 - நவம்பர் 21, 1939) ஓர் அமெரிக்கப் பொறியாளரும் தொழில் முனைவோரும் ஆவார். மோட்டார் வண்டியின் எஞ்சினிலிருந்து பின் சக்கரங்களுக்கு ஆற்றலைச் சங்கிலியின்றி, சுழலும் தண்டு ஒன்றின் வழியே கொண்டு செல்ல உதவும் பல்திசை மூட்டினை (பட்டறை வழக்கில் யுனிவர்சல் ஜாயிண்ட்) மூடிய உறைக்குள் எண்ணெயில் இயங்குமாறு வடிவமைத்து, தொழிற்சாலையில் பெருமளவில் உற்பத்தி செய்தவர் இவர். இவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் பின்னச்சுகளையும் அவற்றின் நடுவில் அமையும் டிபரன்ஷியல் பெட்டிகளையும் செய்து புகழ் பெற்றது.

ஸ்பைசரின் பெயர் தமிழ்நாட்டில் பாடநூல்களைவிடப் பட்டறைகளில்தான் மிகுதியாக அறியப்பட்டுள்ளது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் உள்ள சுருளிப்பட்டி போன்ற ஊர்களில் திராட்சைப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டிகளும், கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும் நாள்தோறும் ஓடுகின்றன. இவ்வண்டிகளின் அடியில் குனிந்து பார்த்தால் தெரியும் நீண்ட தண்டும், அதன் இரு முனைகளிலும் உள்ள சிலுவை வடிவ மூட்டுகளும் ஸ்பைசரின் வேலையின் தொடர்ச்சியே. பழைய ஜீப்புகளில் பின்னச்சின் நடுவே போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும் உருண்ட மூடியும் அவர் நிறுவனத்தின் வழி வந்தது.

இளமை

ஸ்பைசர் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் மேற்கு ஆலக் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் ஏழாம் நாள் பாப்டிசுட்டுக் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தது. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்வது இப்பிரிவினரின் வழக்கம். தந்தையார் பால்பண்ணையும் வெண்ணெய் எடுக்கும் நிலையமும் நடத்தி வந்தார். அங்கிருந்த இயந்திரங்களைப் பழுது பார்ப்பதிலேயே மகனுடைய தொழிற்கல்வி தொடங்கிவிட்டது எனலாம். பிறகு நியூயார்க் மாநிலத்திலுள்ள ஆல்ஃபிரட் கல்விக்கூடத்தில் பயின்ற ஸ்பைசர், திருமணமான பின்னர், கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிப்லி பொறியியல் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். உடன் பயின்றவர்களைவிட அவர் சில ஆண்டுகள் மூத்தவர்.

சங்கிலியின் குறைகள்

1900ஆம் ஆண்டையொட்டிய மோட்டார் வண்டிகள் பலவற்றில், மிதிவண்டியில் உள்ளதைப் போன்ற, ஆனால் அதைவிடத் தடித்த, சங்கிலியே ஆற்றலைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டு சென்றது. சங்கிலி திறந்த வெளியில் ஓடியதால் சாலைப் புழுதியும் சேறும் அதன் கண்ணிகளுக்குள் புகுந்தன. எண்ணெய் இட்டால் புழுதி மேலும் ஒட்டியது. எண்ணெய் இடாவிட்டால் கண்ணிகள் தேய்ந்து சங்கிலி நீண்டது. பேரிரைச்சலோடு ஓடி, ஏற்றத்தில் அறுந்தும் போனது.

சங்கிலிக்கு மாற்றாகத் தண்டு ஒன்றைப் பொருத்துவதில் ஓர் இடர் இருந்தது. எஞ்சின் வண்டிச் சட்டத்தோடு அசையாமல் இருக்கிறது. பின்னச்சோ பட்டாக்களின் மேல் ஏறி இறங்குகிறது. ஆகவே இரண்டையும் இணைக்கும் தண்டு, சுழன்றுகொண்டே வளைந்தும் கொடுக்க வேண்டும். பிரான்சில் லூயி ரெனோ 1898இல் தண்டினால் இயங்கும் வண்டியைச் செய்து காட்டியிருந்தார். எனினும் தண்டின் மூட்டுகள் விரைவில் தேய்வது பொதுவான குறையாக இருந்தது.

பல்திசை மூட்டு

பல்திசை மூட்டினை ஸ்பைசர் கண்டுபிடித்தார் எனச் சிலர் எழுதுவது சரியன்று. இத்தாலிய அறிஞர் சிரோலாமோ கார்டானோவின் பெயர் 16ஆம் நூற்றாண்டு முதல் இதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் இத்தண்டுக்குக் கார்டான் என்றே பெயர். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஊக் இம்மூட்டினைத் தம் கருவிகளில் கையாண்டார். இரண்டு கவைகளையும் அவற்றின் நடுவே ஒரு சிலுவையையும் கொண்ட எளிய அமைப்பு இது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தண்டுகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் கோணத்தில் இருந்தால், முதல் தண்டு சீராகச் சுழன்றாலும் இரண்டாம் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். கோணம் பெரிதானால் இவ்வேறுபாடும் பெரிதாகும். தண்டின் மறுமுனையில் இரண்டாவது மூட்டு ஒன்றை உரிய நிலையில், அதே கோணத்தில் பொருத்தினால் முதல் மூட்டின் குறையை அது சரிசெய்துவிடும். கூடுதல் எடை ஏற்றுவதற்காகப் பின்புறப் பட்டாக்களின் எண்ணிக்கையைக் கூட்டிய வண்டிகளில் ஓட்டத்தின்போது அதிர்வு தோன்றுவதற்கு, இக்கோணங்கள் மாறிப்போவதும் ஒரு காரணமாகும்.

ஸ்பைசர் கல்லூரியில் தாம் வடிவமைத்த மோட்டார் வண்டியில் சங்கிலிக்குப் பதிலாகத் தண்டினையும் மூட்டுகளையும் பயன்படுத்தினார். அது 1902இல் உருப்பெற்றது. காப்புரிமை 1903 மே மாதம் அவருக்கு வழங்கப்பட்டது. அதன் தலைப்பு கவனிக்கத்தக்கது: மூட்டிற்கன்று, பல்திசை மூட்டின் உறைக்கே அக்காப்புரிமை பெறப்பட்டது. மூட்டு பழையதுதான், அதைச் சுற்றி ஒரு கூடு அமைத்து, எண்ணெய் வெளியேறாமலும் புழுதி உள்ளே போகாமலும் காத்ததே புதியது. சங்கிலியைத் தோற்கடித்தது தண்டு மட்டுமன்று, மூடியும்கூட என்று கருத இடமுண்டு.

பிளெயின்ஃபீல்டுத் தொழிற்சாலை

வடிவமைப்பைப் பற்றிக் கேள்வியுற்ற வண்டி உற்பத்தியாளர்கள் மூட்டுகளைக் கேட்டு எழுதத் தொடங்கினர். ஸ்பைசர் 1904இல் கல்லூரிப் படிப்பை விட்டு விலகி, நியூசெர்சி மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டு நகரில் அச்சு இயந்திரங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றின் கட்டடத்தில் இடம் பெற்று உற்பத்தியைத் தொடங்கினார். குடும்பத் தலைவராகவும் இருந்த ஒரு மாணவர், பட்டத்தைக் கைவிட்டு இத்தொழிலில் இறங்கியது துணிச்சலான செயலே. அவருடைய முதல் மூட்டுகள் கார்பின் மோட்டார் வண்டி நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டே நிறுவனம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

பத்தாண்டுகளில் வாங்குவோர் பெருகினர். ஆனால் கேட்புக்கு ஏற்ப இயந்திரங்கள் வாங்கவும் இடத்தைப் பெருக்கவும் பணம் போதவில்லை. 1914இல் சார்லசு டானா என்னும் வழக்கறிஞர் பணம் கொடுத்து உதவி நிறுவனத்துக்குள் வந்தார். நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்த இவர், விரைவில் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். அதன்பின் ஸ்பைசர் துணைத் தலைவராகவும் வடிவமைப்புப் பணிகளின் பொறுப்பாளராகவும் தொடர்ந்தார். தாம் நிறுவிய தொழிலின் ஆட்சி பிறர் கைக்குப் போனாலும், பொறியியல் வேலை அவரிடமே இருந்தது.

பின்னச்சும் டிபரன்ஷியலும்

1919இல் சாலிசுபரி அச்சு நிறுவனத்தை வாங்கியதன் மூலம் ஸ்பைசர் நிறுவனம் தண்டின் முன்முனையிலிருந்து பின்முனைக்கும் வந்து சேர்ந்தது.

தண்டு கொண்டுவரும் சுழற்சி பின்னச்சில் பினியன் எனப்படும் சிறிய பற்சக்கரத்தை அடைகிறது. அது கிரௌன் வீல் எனப்படும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதனால் சுழற்சியின் திசை செங்கோணத்தில் திரும்புவதோடு, வேகம் குறைந்து முறுக்குவிசை கூடுகிறது. கிரௌன் வீலோடு இணைந்த கூட்டுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களின் தொகுதியே டிபரன்ஷியல் ஆகும். வண்டி வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் குறைந்த தொலைவும் வெளிப்புறச் சக்கரம் மிகுந்த தொலைவும் செல்ல வேண்டும். கம்பம்மெட்டு மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் இவ்வேறுபாடு மிகப் பெரிது. இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிக் கட்டினால் ஒன்று தேய்த்துக்கொண்டே வரும். டயரும் அச்சும் பாழாகும். டிபரன்ஷியல் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது. வண்டிகளுக்கான இவ்வமைப்பைப் பிரான்சின் ஒனேசிபோர் பெக்கேர் 1827இல் நீராவி வண்டிக்காக வகுத்தார்.

பின்னச்சுக் கூடுகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்றில் பற்சக்கரத் தொகுதி முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி எடுக்கலாம். பின்பக்கக் கவிகை கூட்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். மற்றொன்று சாலிசுபரி வகை எனப்படும். இதில் நடுப்பெட்டி ஒரே வார்ப்பாக இருக்கும்; இருபுறமும் குழாய்கள் அதனுள் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். பற்சக்கரங்களைப் பார்க்கவும் பழுது நீக்கவும் பின்பக்கம் உள்ள மூடியைக் கழற்ற வேண்டும். மூடியை மாற்றி மேம்படுத்துவது பற்றிய பேச்சு இந்த இரண்டாம் வகைக்கே பொருந்தும்.

1920களின் நடுப்பகுதியில் பினியனைக் கிரௌன் வீலின் நடுக்கோட்டுக்குக் கீழே தாழ்த்தி அமைக்கும் ஹைபாய்டு பற்சக்கரங்கள் வந்தன. தண்டு தாழ்ந்ததால் வண்டியின் தளமும் தாழ்ந்தது, ஓசையும் குறைந்தது. ஆனால் இவ்வகைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கியும் செல்வதால், எண்ணெய்ப் படலத்தின் மீது ஏறும் அழுத்தம் மிகுதி. இதற்கெனச் சிறப்புச் சேர்மங்கள் கலந்த கியர் எண்ணெய் தேவையாயிற்று. பின்னச்சின் ஆயுள், உள்ளே இருக்கும் எண்ணெயின் அளவையும் தூய்மையையும் பொறுத்தது என்பது இதனால் மேலும் உறுதிப்பட்டது.

இறுதிக் காலம்

1920களின் இறுதியில் நிறுவனம் ஓகையோ மாநிலத்தின் டொலிடோ நகருக்கு இடம் பெயர்ந்தது. ஸ்பைசர் தம் பிற்காலத்தில் தொடர்வண்டிப் பெட்டிகளின் மின்னாக்கியைச் சக்கர அச்சிலிருந்து வாரின்றி இயக்கும் முறையில் ஈடுபட்டார். அங்கும் வெளியில் ஓடும் வாரினை நீக்கிவிட்டுப் பற்சக்கரங்களையும் தண்டினையும் கூட்டுக்குள் அடைப்பதே அவருடைய வழியாக இருந்தது. 1939 நவம்பரில், 64ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு, புளோரிடாவின் மயாமியில் காலமானார்.

ஜீப்பும் கம்பம் பள்ளத்தாக்கும்

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளில், அதே டொலிடோ நகரில் இருந்த வில்லிசு ஓவர்லாண்டு நிறுவனம் போர்ப்படைக்கு ஜீப்புகளைச் செய்யத் தொடங்கியது. அவற்றின் அச்சுகள் ஸ்பைசர் நிறுவனத்தின் வடிவமைப்பாகும். வில்லிசும் போர்டும் சேர்ந்து இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஆகவே தாம் காணாத வண்டி ஒன்றின் அடியில் ஸ்பைசரின் பெயர் உலகெங்கும் சென்றது.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் வில்லிசு ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்துப் பம்பாயில் பொருத்தத் தொடங்கியது. பின்னர் பாகங்களும் படிப்படியாக இங்கேயே செய்யப்பட்டன. இவ்வழியில் வந்த நீண்ட உடல் கொண்ட ஜீப்புகள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் முதன்மை வண்டிகளாயின. சமவெளியில் சரக்கு ஏற்றுவது பிற்காலச் சிறு சரக்கு வண்டிகளின் பணியாயிற்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை நெடுநாள் தாங்காத பழமாகும். பழம் ஏற்றிய வண்டி வழியில் நின்றுவிட்டால் இழப்பு வண்டிக்காரருடையது மட்டுமன்று. அந்தப் பருவத்து உழைப்பும் அதில் அடங்கும்.

மூடியை மேம்படுத்தல்

ஸ்பைசர் காலத்து மூடி, எஃகுத் தகட்டை அழுத்தி வார்த்தெடுத்த கிண்ணம் போன்றது. மலிவானது, எண்ணெயை அடைத்து வைக்கும் வேலைக்குப் போதுமானது. ஆனால் பாறையில் மோதினால் உள்நோக்கிக் குழியும். குழிந்த தகடு கிரௌன் வீலில் உரசினால் இரும்புத்தூள் எண்ணெயில் கலந்து பேரிங்குகளைக் கெடுக்கும். இவ்வகை மூடிகள் பலவற்றில் எண்ணெயை வடிப்பதற்குத் தனித் துளையும் இல்லை. ஒவ்வொரு முறையும் மூடியையே கழற்ற வேண்டும். இதனால் எண்ணெய் மாற்றுவது தள்ளிப் போடப்படுவது உண்டு.

இக்குறைகளுக்காகவே வார்ப்பிரும்பு, வார்ப்பு அலுமினியம், தடித்த எஃகுத் தகடு ஆகியவற்றால் ஆன மாற்று மூடிகள் செய்யப்படுகின்றன. வடிதுளையும், அதன் அடைப்பில் இரும்புத்தூளை ஈர்த்து வைக்கும் காந்தமும் இவற்றின் உண்மையான பயன்களாகும். பாறைகள் நிறைந்த தோட்டச் சாலைகளில் ஓடும் வண்டிக்குத் தடித்த மூடி காப்பாக அமையும். சிலவற்றில் பேரிங் பிடிப்புகளைப் பின்னாலிருந்து தாங்கும் போல்ட்டுகளும் உண்டு. இவற்றை மெல்லத் தொடும் அளவுக்கே இறுக்க வேண்டும், மிகுதியாக இறுக்கினால் பிடிப்பு சிதையும்.

வெளிப்புறத்தில் வரி வரியாகச் செதில்கள் கொண்ட அலுமினிய மூடிகள் பார்வைக்கு அழகானவை. அவை எண்ணெயைக் குளிர்விக்கும் எனச் சொல்லப்படுவது ஓரளவே உண்மை. சுழலும் கிரௌன் வீல் அடியிலுள்ள எண்ணெயை வாரி எறிகிறது. அது மூடியின் உட்புற வளைவில் மோதிப் பேரிங்குகளுக்குத் திரும்பி வருகிறது. உட்புறம் தட்டையாகவும் ஆழமாகவும் உள்ள மூடியில் இவ்வோட்டம் கலைந்து எண்ணெய் நுரைக்கக்கூடும். மேலும், ஆழமான மூடியில் நிரப்புதுளையின் உயரம் மாறியிருந்தால் எண்ணெயின் மட்டமும் மாறிவிடும். மட்டம் குறைந்தால் பினியனின் பேரிங் வறளும். கூடினால் எண்ணெய் சூடேறி ஆயில் சீல்களின் வழியே கசியும். பழைய மட்டம் அச்சின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு கீழே இருந்ததோ அதே அளவில் புதிய மட்டமும் இருக்க வேண்டும்.

மாற்றும் முறை கடினமானதன்று. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எண்ணெயை வடிக்கும் முன்பே நிரப்புதுளையின் அடைப்பு திறக்கிறதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது துருப்பிடித்து இறுகியிருப்பதை எண்ணெய் முழுவதும் வடிந்த பிறகு அறிவது வீண் தொல்லை. மேல் போல்ட்டுகளைத் தளர்த்தி மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழற்றினால் மூடியின் அடிப்பக்கம் விலகி எண்ணெய் வடியும். காந்தத்திலோ அடியிலோ மை போன்ற சாம்பல்நிறப் படிவு இருப்பது இயல்பு. கையில் குத்தும் துண்டுகள் கிடைத்தால் மூடியை மறந்துவிட்டுப் பற்களையும் பேரிங்குகளையும் பார்க்க வேண்டும். பழைய பேக்கிங்கின் எச்சத்தைச் சுரண்டும்போது துகள் உள்ளே விழாமல் காத்து, புதிய பேக்கிங்கை அல்லது சிலிக்கான் பசையை இட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பிறகு தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயைத் துளையின் விளிம்பு வரை நிரப்பலாம்.

பலரும் மறப்பது அச்சின் மேற்புறத்திலுள்ள சிறிய மூச்சுக்குழாயை. மலையேறிச் சூடான அச்சு ஓடைநீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் சீல்களின் வழியே நீர் உறிஞ்சப்படும். எண்ணெய் பால்நிறமாக மாறியிருப்பது இதன் அறிகுறி. எவ்வளவு விலையுயர்ந்த மூடியும் இதைத் தடுக்காது. அளவுக்கு மீறிய எடையால் அச்சுக் குழாய்கள் வளைவதையும் மூடி தடுக்காது. எடையைத் தாங்குபவை குழாய்களும் பேரிங்குகளுமே.

பெயர்

1946இல் நிறுவனத்தின் பெயர் டானா என மாற்றப்பட்டது. பணம் கொண்டு வந்தவரின் பெயர் நிறுவனத்துக்கும், உறையை வடிவமைத்தவரின் பெயர் பாகங்களுக்குமாக அமைந்தது. அந்நிறுவனத்தின் தண்டுகளும் மூட்டுகளும் ஸ்பைசர் என்னும் பெயரிலேயே விற்கப்படுகின்றன. 1995இல் அமெரிக்காவின் மோட்டார் வண்டித் துறைப் புகழ் மன்றத்தில் ஸ்பைசரின் பெயர் சேர்க்கப்பட்டது.